முதுகில் ஒரு ஊசி: பொறுப்பு பற்றிச் சில குறிப்புகள்

ஆபரேஷன் முடிந்து வார்டில் கொண்டுவந்து கிடத்திய பிறகு, போர்வைக்குள் கையை விட்டு என் தொடையைத் தொட்டேன். கைக்குத் தொடை தெரிந்தது. தொடைக்குக் கை தெரியவில்லை. வேறு யாருடையதோ வெதுவெதுப்பான தொடை ஒன்று என் இடுப்புக்குக் கீழே படுத்திருந்தது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் உடனே கவிதை எழுதச் சொன்னார். நான் எழுதப் போவதில்லை. உடலிலிருந்து அந்நியமாதல் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் போதுமான அளவு வந்துவிட்டது. பெரும்பாலும் உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்கள் எழுதியவை. தவிர, மூன்று மணி நேரத்தில் கால் திரும்பிவிட்டது. திரும்பி வந்த ஒன்றைப் பற்றி இருத்தலியல் பேசுவது கொஞ்சம் மலிவானது. என்னை உறுத்திக் கொண்டிருப்பது வேறு விஷயம். ஆபரேஷனுக்கு முந்தின இரவு நான் போட்ட கையெழுத்து.

ஹெர்னியா. சாதாரண ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து செய்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு நர்ஸ் இரண்டு தாள்களைக் கொண்டு வந்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு சார்" என்று பேனாவால் இடம் காட்டினார். 'எனக்குப் புரியும் மொழியில் எல்லா அபாயங்களும் எனக்கு விளக்கப்பட்டன, நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. ஆங்கிலம் படித்தவன் என்பதால் எனக்கு அது புரிந்தது. அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர் அதே தாளில் அதே வாக்கியத்துக்குக் கீழே, எழுத்துக்கூட்டித் தன் பெயரைத் தமிழில் போட்டார். புரியும் மொழியில் விளக்கப்பட்டது என்பதைப் புரியாத மொழியில் ஒப்புக்கொண்டார்.

கையெழுத்துப் பார்ப்பது என் பிழைப்பு. செக் கவுண்டருக்கு வந்தால் அட்டையில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அது அதே கைதானா என்பது ஒன்றுதான் எங்கள் கேள்வி. போட்டவன் என்ன நினைத்துப் போட்டான், பயந்து போட்டானா, மகன் பக்கத்தில் நின்று மிரட்டினானா என்பதெல்லாம் வங்கியின் விஷயம் அல்ல. ஆஸ்பத்திரித் தாளும் அந்த வகைதான். பின்னால் ஏதாவது ஆனால், போட்டது இதே கைதான் என்று காட்டுவதற்கு. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த ஸ்தாபனமும் தன்னைக் காத்துக்கொள்ளத் தாள் வைத்திருக்கும். ஆனால் அந்தத் தாளைச் 'சம்மதம்' என்று அழைக்கிறார்களே, அந்தச் சொல்லைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்பது மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார். தமிழில் இதற்கும் மயக்க மருந்து என்றே சொல்கிறோம், இதில் மயக்கம் கிடையாது என்றாலும். மூன்று நிமிஷம் நின்றிருப்பார். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். முன்பு எந்த ஊசிக்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் வந்ததா என்று கேட்டார். சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகில் புண், கட்டி ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். "முதுகுல ஊசி வேண்டாம்னு உங்களுக்கு ஏதாவது இருக்கா சார்? இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார். இல்லை என்றேன். போய்விட்டார்.

அப்போது அது ஒரு சடங்கு போலத்தான் இருந்தது. தாளில் இருந்த நீண்ட பட்டியலைவிட இந்த நாலைந்து கேள்விகளில்தான் என் கால்கள் பத்திரமாக இருந்தன என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

நடப்பது இதுதான். நமது தண்டுவடம் பெரியவர்களில் ஏறக்குறைய முதல் இடுப்பு முள்ளெலும்புக்கு எதிரே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது நரம்பிழைகளின் கொத்து. குதிரை வால் என்று அதற்குப் பெயர். அந்தக் கொத்து மிதக்கிற திரவப் பைக்குள் ஊசியைச் செலுத்தி மருந்தை விட வேண்டும். இரண்டு இடுப்பெலும்பு முகடுகளையும் இணைத்து ஒரு கோடு கற்பனை செய்தால் அது நாலாவது முள்ளெலும்பின் அருகே முதுகைக் கடக்கும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் நாலுக்கும் இடையிலோ, நாலுக்கும் ஐந்துக்கும் இடையிலோ குத்துவார்கள். தண்டுவடம் அங்கே இல்லை. இழைகள் ஊசிக்கு விலகிக் கொடுக்கும். கையால் தடவி எண்ணுகிறபோது ஒரு எலும்பு தப்பிப்போவது அபூர்வம் அல்ல என்பதால்தான் மேலே போகாமல் கீழேயே நிற்க வேண்டும் என்பது விதி.

மருந்து இரண்டு மூன்று மில்லி, அவ்வளவுதான். பெரும்பாலும் பூபிவக்கெய்ன். அதில் சர்க்கரை கலந்து, தண்டுவடத் திரவத்தைவிட கனமாக்கி வைத்திருக்கிறார்கள். கனமானது கீழே இறங்கும். ஆகவே நோயாளியை எப்படிச் சாய்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து மரத்தல் ஏறுகிறது, இறங்குகிறது. எத்தனை சிக்கலான உடம்பானாலும் கடைசியில் புவியீர்ப்பை நம்பித்தான் நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆச்சரியம். முதலில் சூடும் குளிரும் போகின்றன, ஸ்பிரிட் பஞ்சை வைத்து, "ஜில்லுனு இருக்கா?" என்று கேட்பது அதற்காகத்தான். தொடு உணர்வு பிந்திப் போகிறது. கத்தி வைப்பது தெரியும், வலிக்காது. ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் கூடவே மரப்பதால் ரத்த அழுத்தம் இறங்கும். மருந்து அளவுக்கு மேல் மார்புவரை ஏறினால் இதயத் துடிப்பு மந்தமாகும், மூச்சு முட்டும். ஆகவே குத்துவதற்கு முன்பே கையில் டிரிப் ஏறியிருக்க வேண்டும். அழுத்தத்தைத் தூக்கும் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். செயற்கை மூச்சுக் கொடுக்கும் சாதனமும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் அதே அறையில் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் இந்த ஊசி போடக்கூடாது. உறையில் விழுந்த துளை வழியே திரவம் கசிந்தால் உட்காரும்போதும் நிற்கும்போதும் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், படுத்தால் குறையும். மெல்லிய ஊசி, பென்சில் முனை போன்ற ஊசி என்று வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அந்தத் தலைவலிதான் இந்த முறையின் முதல் பதிவுகளிலேயே இருக்கிறது. 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகுஸ்ட் பியர் என்ற சர்ஜன், காசநோய் பிடித்த கணுக்காலோடு வந்த ஒரு தொழிலாளிக்கு முதுகில் கொக்கெய்ன் செலுத்தி ஆபரேஷன் செய்தார். நோயாளிகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. காரணம் தெரிய, தன் முதுகிலேயே குத்தச் சொல்லி உதவியாளர் ஹில்டபிராண்டிடம் முதுகைக் காட்டினார். சிரிஞ்சு ஊசியோடு பொருந்தவில்லை, திரவம் ஒழுகியது, பரிசோதனை கெட்டது. உடனே ஹில்டபிராண்ட் தன்னைக் கொடுத்தார். அவர் கால்கள் மரத்த பிறகு பியர் கிள்ளினார், ஊசியைத் தொடை எலும்புவரை இறக்கினார், எரியும் சுருட்டை வைத்தார், முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தார். வலிக்கவில்லை. அன்று இரவு இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாளிலிருந்து பியர் ஒன்பது நாள் தலைவலியால் படுக்க வேண்டியிருந்தது. ஹில்டபிராண்டுக்கு வாந்தி, தலைவலி, மரப்பு போன பிறகு அடிபட்ட கால்களில் வலி.

இந்தக் கதையை மருத்துவச் சரித்திரங்களில் வேடிக்கையாகவே சொல்கிறார்கள். நான் இதில் பார்ப்பது வேறு. பியர் முதலில் தன் முதுகைக் கொடுத்தார். தன் தலைவலியையும் மறைக்காமல் எழுதினார். இது பெரிய விஷயம். ஆனால் வாத்தியார் முதுகைக் காட்டிவிட்ட பிறகு உதவியாளனால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? ஹில்டபிராண்ட் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகியிருக்காது. தேர்வு, சுதந்திரம் என்று சார்த்ரைப் படித்துவிட்டு நாம் சுலபமாகப் பேசுகிறோம். பெரும்பாலான தேர்வுகள் இப்படி ஒரு மேஜைமேல் குனிந்து, வேறொருவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பவை.

இனி நான் சொல்ல வந்த வழக்குக்கு வருகிறேன்.

1947 அக்டோபர் 13. இங்கிலாந்தில் டெர்பிஷயரில் செஸ்டர்ஃபீல்ட் ராயல் ஆஸ்பத்திரி. ஆல்பர்ட் வூலிக்கு விரைவீக்கம். செஸில் ரோவுக்கு முழங்கால் குருத்தெலும்பில் கோளாறு. இரண்டும் சில்லறை ஆபரேஷன்கள். ஒரே நாளில், ஒரே மயக்க மருந்து டாக்டர் மால்கம் கிரஹாம், இருவருக்கும் முதுகில் நுபர்கெய்ன் செலுத்தினார். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே கால்கள் திரும்பவே இல்லை. என் தொடை மூன்று மணி நேரம் இருந்த நிலையில், அதைவிட மோசமான வலிகளோடு, அவர்கள் மிச்ச வாழ்நாள் முழுதும் இருந்தார்கள்.

வழக்குப் போட்டார்கள். 1953இல் விசாரணை நடந்தது. நுபர்கெய்ன் கண்ணாடி ஆம்பூல்களில் வரும். அவற்றின் வெளிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக பீனால் கரைசலில் ஊறப்போட்டு வைத்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மயக்க மருந்தியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் மக்கின்டாஷின் விளக்கம் கோர்ட்டில் ஏற்கப்பட்டது. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் இருந்தன; அவற்றின் வழியே பீனால் உள்ளே கசிந்தது; அது நரம்புகளை எரித்தது. இப்படி நடக்கக்கூடும் என்று 1947இல் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. அபாயம் புத்தகத்தில் எச்சரிக்கையாக வந்ததே 1951இல்தான். ஆகவே கவனக்குறைவு இல்லை. 1954இல் அப்பீல் கோர்ட்டும் இதையே சொன்னது. 1947இல் நடந்ததை 1954இன் மூக்குக்கண்ணாடியால் பார்க்கக் கூடாது என்ற பொருளில் டென்னிங் பிரபு சொன்னது சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித்தரப்படுகிறது. தப்பிப்போவதற்கெல்லாம் டாக்டரைப் பொறுப்பாக்கினால் அவர் நோயாளியை விட்டுத் தன் பாதுகாப்பையே யோசிக்க ஆரம்பிப்பார் என்றும் அவர் சொன்னார். வூலிக்கும் ரோவுக்கும் வழக்கில் ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை.

தீர்ப்பின் தர்க்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. தெரிந்திருக்க முடியாததற்கு ஒருவனைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். அதிலும் ஒரு கொடுமை பாருங்கள்: கோர்ட் ஏற்ற கதையின்படி, நோயாளியின் முதுகில் கிருமி போய்விடக் கூடாதே என்று செய்த முன்ஜாக்கிரதைதான் அவன் காலை எடுத்தது. அலட்சியக்காரன் பீனாலில் ஊறப்போட்டிருக்க மாட்டான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990இல் 'அனஸ்தீசியா' என்ற மருத்துவ சஞ்சிகையில் ஹட்டர் என்ற மயக்க மருந்து டாக்டர் இந்த வழக்கை மறுபடி கிளறினார். பீனால் கதை நம்பும்படி இல்லை என்றார். ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் உப்பு படியும். அதைக் கரைத்து எடுக்க ஒரு அமிலம் ஊற்றுவார்கள். அந்த அமிலம் முழுக்க அகற்றப்படாமல் பாத்திரத்திலேயே இருந்து, அதில் கொதித்த கருவிகள் மூலம் நோயாளிகளின் முதுகுக்குள் போயிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்று பலரும் இதைத்தான் அதிக சாத்தியமாகக் கருதுகிறார்கள். யோசித்துப் பார்த்தால், ஒரே நாளில் எடுத்த ஆம்பூல்களில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இரண்டு பேருக்கும் அமைய வேண்டும் என்பதைவிட, ஒரே பாத்திரம் இரண்டு பேருக்கும் பொது என்பது எவ்வளவு எளிமை!

இங்கேதான் இலக்கிய விமர்சகனாக எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. விரிசல் கதையின் உருவம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிளவு, யாருமே பார்த்திருக்க முடியாதது, நல்லெண்ணத்தோடு செய்த காரியமே அழிவைக் கொண்டுவருவது: கிரேக்க நாடகத்தின் அமைப்பு இது. நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில், "எல்லாம் விதி சார்" என்கிறார்களே, அந்த விதிதான் இங்கே கண்ணாடியும் ரசாயனமுமாக வேஷம் போட்டிருக்கிறது. யாரும் சதி செய்ததாக நான் சொல்லவில்லை. மக்கின்டாஷ் தனக்குத் தோன்றியதை நேர்மையாகச் சொன்னார். ஆனால் ஒரு விளக்கம் ஒரு அறையில் இருக்கும் எல்லோரையும் நிரபராதி ஆக்குகிறது என்றால் அந்த அறை அதை இரண்டாவது முறை சோதிக்காது. பாத்திரம் வேறு ரகம். அதில் யாரோ அமிலத்தை ஊற்றினார்கள். யாரோ அதைக் கொட்டிக் கழுவியிருக்க வேண்டும். ஹட்டர் சொல்வது சரியென்றால், காரணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு அடுப்புமேல் இருந்தது. அதைக் கழுவ வேண்டியவர் தன்னால் நடந்தது என்று கடைசிவரை அறியாமலே போயிருக்கலாம். கேட்கப்படாததால் அறியாமல்.

ஆக, 1947இல் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்று கோர்ட் சொன்னது, கோர்ட்டுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி. அறியாமையை ஒரு உண்மையாக நிறுவினார்கள். அந்த அறியாமையைப் பற்றியே தவறாக அறிந்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி உவமையை நான் மதிக்கிறேன். ஆனால் 1947இன் கண்ணாடி வழியாகவே அந்தப் பாத்திரம் தெரிந்திருக்கக்கூடும்.

இதனால் கிரஹாம் குற்றவாளி என்று ஆகிவிடாது. என் வாதம் குற்றத்தைப் பற்றியதே அல்ல. குற்றம் இல்லை என்று தெரிந்ததும் பொறுப்பும் இல்லை என்று எழுந்து போய்விடுகிறோமே, அது பற்றியது. வூலிக்கும் ரோவுக்கும் வேண்டியிருந்தது ஒரு குற்றவாளி அல்ல. தள்ளுவண்டி, வருமானம், என்ன நடந்தது என்பதற்கு ஒரு நேர்மையான பதில். குற்றவாளியைக் காட்டினால்தான் இவை கிடைக்கும் என்று சட்டம் வைத்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நியூஸிலாந்தில் 1974 முதல் விபத்தால் உடல் சேதமடைந்தவனுக்கு, யார் தப்பு என்று கேட்காமல் ஈடு கொடுக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. 2005இல் சிகிச்சையால் வந்த சேதத்துக்கும் தப்பைத் தேடும் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 1995இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு நோயாளி நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அங்கேயும் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். விரிசலா, பாத்திரமா என்று கால் போனவன்தான் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்.

செஸ்டர்ஃபீல்டுக்குப் பிறகு பிரிட்டனில் டாக்டர்கள் பலர் முதுகு ஊசியையே வெகுகாலம் கைவிட்டார்கள். அதே 1954இல் அமெரிக்காவில் டிரிப்ஸ், வாண்டம் என்ற இருவர் 10,098 முதுகு ஊசிகளைத் தொடர்ந்து கவனித்து, பெரிய நரம்புச் சேதம் ஒன்றையும் காணவில்லை என்று வெளியிட்டிருந்தார்கள். பயத்துக்கு முன் எண்கள் நிற்கவில்லை. முழு மயக்கத்துக்கும் சாவு உண்டு. பிரசவ ஆபரேஷன்களில் அது ஒரு தனி ஆபத்து. முதுகு ஊசிக்குப் பயந்து முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கோர்ட்டிலும் வழக்கு வரவில்லை. செய்யாமல் விட்டதற்கு விசாரணை கிடையாது.

பின்னால் ஊசி திரும்பி வந்தது. 2009இல் பிரிட்டனின் மயக்க மருந்தியலாளர் ராயல் கல்லூரி நாடு முழுதும் எடுத்த கணக்கை வெளியிட்டது. ஒரு வருஷத்தில் 7,07,455 முறை முதுகுவழி மரப்பூசிகள். நிரந்தரச் சேதம், மிக மோசமாகக் கணக்கிட்டால் லட்சத்தில் 4.2, நல்லபடியாகக் கணக்கிட்டால் 2.0. இரண்டு காலும் போனது அல்லது சாவு, லட்சத்தில் 1.8 முதல் 0.7 வரை. இப்படி மோசமாக ஒன்று, நல்லபடியாக ஒன்று என்று இரண்டு எண்களை வெளியிட்ட நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நம் விமர்சனங்களில் அப்படி ஒரு வழக்கம் வந்தால் தேவலை.

லட்சத்தில் ஒன்று என்பதை எனக்கு முந்தின இரவு சொல்லியிருக்க வேண்டுமா? 2008இல் சம்மதம் பற்றிய ஒரு முக்கியமான தீர்ப்பில் நம் சுப்ரீம் கோர்ட், ஒன்றுக்கு வாங்கிய சம்மதத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கறாராகச் சொன்னது. ஆனால் வெகுதூரத்து அபாயங்களையெல்லாம் அடுக்கி நோயாளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை என்றும் சொன்னது. 2015இல் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் வேறு பக்கம் சாய்ந்தது: அந்த நோயாளியின் நிலையில் இருப்பவனுக்கு எது முக்கியமாகப் படுமோ அதைச் சொல்லியாக வேண்டும். கொள்கையளவில் நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் சொல்லியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்? லட்சம் பேரைக் கற்பனை செய்ய எனக்கு வராது. நான் ஒரே ஆள். எனக்கு நடந்தால் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் முழுதாக நடக்காது. லட்சத்தில் 1.8 பேர் என்று ஒருவன் முடமாவதில்லை. என் கையெழுத்து ஒரு எண்ணை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் நம்பியது முதுகைத் தடவிப் பார்த்த அந்த விரலை.

நம்பிக்கை என்று சொல்லி இதை முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. நம்பிக்கையை விரலும் ஏமாற்றக்கூடும். ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தின் ஆம்பூல், பூபிவக்கெய்ன் ஆம்பூலைப் போலவே இருப்பதால், அவசரத்தில் மாற்றி எடுத்து முதுகில் செலுத்தி, வலிப்பு வந்து நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனமே இதுபற்றி எச்சரிக்கை விட்டது. பிரசவத்துக்கு வந்த பெண்களும் இதில் இறந்திருக்கிறார்கள். இங்கே விரிசலும் இல்லை, மர்மமும் இல்லை. இரண்டு கண்ணாடிக் குப்பிகள் ஒரே தட்டில் இருந்தன. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது, உறிஞ்சும் முன் லேபிளை இன்னொருவர் உரக்கப் படிப்பது என்று தடுக்கும் வழிகள் சின்னவை, அலுப்பூட்டுபவை. வங்கியில் ஒரு வவுச்சரை இரண்டு பேர் பார்க்காமல் பணம் போகாது. அதை நாங்கள் ஒழுக்கம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்று இரவு, தொடையைத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருந்த நேரத்தில் டூட்டி நர்ஸ் வந்து, "காலை அசைச்சுக் காட்டுங்க சார்" என்றார். அசையவில்லை. மணியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். பெருவிரல் அசைந்தது. அதையும் எழுதினார். இதன் பொருளை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டி நரம்புகளை அழுத்தினால், சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்து அந்தக் கட்டியை எடுக்க வேண்டும். நேரம் கடந்தால் கால் போய்விடும். மரப்பு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காததும், இறங்கிய பிறகு மறுபடி ஏறுவதும்தான் முதல் அடையாளம். "மருந்து இன்னும் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் அந்த மணி நேரங்கள் போய்விடுகின்றன. அந்த நர்ஸின் நோட்டில் என் கையெழுத்து இல்லை. என்னிடம் எந்தச் சம்மதமும் கேட்கப்படவில்லை. அடுத்த கட்டில் பெரியவரிடமும் அதே கேள்வியை, அதே நேர இடைவெளியில் கேட்டார். அவர் தூங்கிக் கொண்டிருந்தார், எழுப்பிக் கேட்டார். பெரியவருக்குக் கோபம்.

இதை எழுதிக் கொண்டிருக்கும்போது அக்கா வந்திருந்தாள். இரண்டாவது குழந்தை ஆபரேஷனில் பிறந்தது, பதினாலு வருஷமாகிறது. "அந்த முதுகு ஊசி போட்டதிலேருந்துதான்டா எனக்கு இடுப்பு போச்சு" என்று அவள் சொல்வதை நானும் பதினாலு வருஷமாகக் கேட்கிறேன். நம் வீடுகளில் பாதிப் பெண்கள் இதைச் சொல்கிறார்கள். குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும். தீராத இடுப்பு வலிக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளை சுமந்ததும், பெற்ற பத்தாம் நாளே குனிந்து தண்ணீர்க் குடம் தூக்கியதும், தூங்காததும் காரணமாக இருக்கலாம். இந்தத் தடவை படித்திருந்த தைரியத்தில் அதை அவளிடம் விளக்கினேன். டென்னிங் தோற்றார் என்று சொல்ல வேண்டும், அவ்வளவு தெளிவாக விளக்கினேன். அக்கா முழுவதும் கேட்டாள்.

"சரிடா. ஊசி இல்லேன்னே வெச்சுக்கோ. அப்ப எதுனால வலிக்குதுன்னு யாரு பாத்தாங்க?" என்றாள்.

பதினாலு வருஷத்தில் யாரும் பார்க்கவில்லை. டாக்டர்கள் இரண்டு பேர், ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது சரி. வரும் சனிக்கிழமை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.